42 நட்சத்திரக் கட்டங்கள்: ஒரு குயில்ட்டில் தளர்ந்த விதிகளும் தளராத அளவுகளும்

ஆய்வுக்கு எடுத்துக்கொண்டது தினமும் போர்த்திக்கொள்வதற்காகத் தைத்த ஒரு குயில்ட், அதாவது துண்டுத் துணிகளைச் சேர்த்த மேல்துணி, நடுவில் பஞ்சு, கீழே அடித்துணி என மூன்றடுக்காகத் தைத்த போர்வை. தைத்து முடித்தபின் இருக்க வேண்டிய அளவு 62 × 71 அங்குலம். 9 அங்குல நட்சத்திரக் கட்டங்கள் வரிசைக்கு 6 வீதம் 7 வரிசை, சுற்றிலும் 4 அங்குல ஓரப்பட்டி. ஒவ்வொரு கட்டமும் 3 அங்குலச் சதுரங்கள் ஒன்பது சேர்ந்தது. நடுவில் ஒன்று, மூலைகளில் நான்கு. மிச்ச நான்கும் இரு நிற முக்கோணங்களை ஒட்டித் தைத்த சதுரங்கள். அவைதான் நட்சத்திரத்தின் கால்கள்.

தைத்தவருக்கு அனுபவம் உண்டு. விதிகள் தெரிந்தே 11 இடங்களில் அவற்றை விட்டார். பழைய சட்டைத் துணியையும் புதுத் துணியையும் கலந்தார். புதுத் துணியைத் துவைக்காமலே வெட்டினார். துணியின் இழை எந்தப் பக்கம் ஓடுகிறது என்று பார்க்கவில்லை. தையலுக்கு விடும் கால் அங்குலத்தைக் கண் மதிப்பில் விட்டார். முக்கோணச் சதுரங்களைத் தைத்தபின் அளவுக்கு நறுக்கவில்லை. தையலை வசதிப்பட்ட பக்கம் மடித்து இஸ்திரி போட்டார். பாலியெஸ்டர் நூல் பயன்படுத்தினார். ஓரப்பட்டியை அளக்காமல் தைத்து, மீந்ததை வெட்டினார். மூன்று அடுக்குகளையும் சேர்த்துப் பிடிக்கும் குயில்டிங் தையல்களை 9 அங்குல இடைவெளியில் ஓட்டினார். அடித்துணியை ஐந்து துண்டுகளால் சேர்த்தார். விளிம்பைச் சுற்றி மூடும் பட்டியான பைண்டிங்கை நேர்வெட்டில் எடுத்து, இருபுறமும் மெஷினிலேயே முடித்தார்.

ஓரப்பட்டி தைத்ததும் இரண்டு குறைகள் தெரிந்தன: இடது ஓரம் அலையடித்தது, இரண்டாம் வரிசையிலும் ஐந்தாம் வரிசையிலும் நட்சத்திர முனைகள் தையலுக்குள் போய் வெட்டுப்பட்டன. முதல் சலவைக்குப் பின் இன்னும் இரண்டு: ஓரப்பட்டிக்குள் பஞ்சு திரண்டது, இரண்டு சட்டைத் துண்டுகள் தையலோரம் கிழிந்தன. விதியை மீறியதால் வந்த வினை என்று மொத்தமாகச் சொல்லிவிடலாம். ஆனால் 11 மீறல்களில் பெரும்பாலானவை இந்தக் குறைகளுக்குக் காரணமே இல்லை. எது காரணம், எது இல்லை என்று பிரித்துப் பார்ப்பதுதான் இந்த ஆய்வு.

விதியிடம் கேட்க வேண்டிய கேள்வி

குயில்டிங் விதிகள் ஒரே காலத்தில், ஒரே காரணத்துக்காகப் பிறந்தவை அல்ல. தையலைத் திறந்து விரிக்காமல் ஒரு பக்கமாக மடி என்பது கைத்தையல் காலத்து விதி. கையால் ஓட்டிய தையலில் இழைக்கு இழை இடைவெளி இருக்கும். திறந்து விரித்தால் அந்தச் சந்து வழியே பஞ்சு வெளியே வரும், தையலும் தளரும். கையகல இடைவெளிகூட விடாமல் தைக்க வேண்டும் என்ற விதி, பிடிமானம் இல்லாத பழைய பஞ்சு அடுக்குகளுக்காக வந்தது. பட்டை பட்டையாக வெட்டித் துல்லியம் பார்க்கும் பழக்கம், ஓல்ஃபா நிறுவனம் 1979-ல் ரோட்டரி கட்டர் என்ற உருளும் வட்டக் கத்தியைக் கொண்டுவந்த பிறகுதான் பரவலானது. அதற்கு முன் அட்டை அச்சும் கத்தரிக்கோலும்தான். ஓர் அங்குலத்தில் 10 முதல் 12 கைத்தையல், பைண்டிங்கின் பின்புறம் கையால்தான் தைக்க வேண்டும் என்பவை போட்டி நடுவர்கள் பார்க்கும் விஷயங்கள். போர்வையின் ஆயுளுக்கும் அவற்றுக்கும் தொடர்பு குறைவு.

அமெரிக்காவின் அலபாமா மாநிலத்தில் உள்ள ஜீஸ் பெண்ட் என்ற ஊரின் பெண்கள் கிழிந்த வேலை உடுப்புகளையும் டெனிமையும் கார்டுராயையும் சேர்த்துத் தைத்த குயில்ட்கள் 2002-ல் ஹூஸ்டன் நுண்கலை அருங்காட்சியகத்தில் வைக்கப்பட்டன. 2006-ல் அமெரிக்கத் தபால்தலைகளிலும் வந்தன. அவற்றில் நேர்கோடும் சம அளவும் தேடினால் கிடைக்காது. ஆனால் அவை குளிருக்குப் போர்த்தத் தைத்தவை. அவற்றின் சுதந்திரம் வடிவத்தில்தான் இருக்கிறது.

ஆகவே ஒவ்வொரு விதியிடமும் கேட்க வேண்டியது ஒன்றுதான்: நீ எந்தச் சேதத்தைத் தடுக்கிறாய்? அந்தச் சேதம் இந்தக் குயில்ட்டுக்கு, இந்தத் துணியில், இந்தப் பஞ்சில் வருமா? வராது என்றால் விதியை விடலாம். வரும் என்றால், அதைத் தடுக்க வேறு வழி கையில் இருக்கும்போது மட்டும் விடலாம்.

துணி

பழைய சட்டையும் புதுப் பருத்தியும் கலந்தது தவறில்லை. கிழிந்த இரண்டு துண்டுகளும் நைந்த மெல்லிய பாப்லின். இரண்டுமே டெனிமுக்குப் பக்கத்தில் இருந்தன. கனமான துணியும் மெல்லிய துணியும் ஒரே தையலில் இழுபட்டால், தையலை ஒட்டிய இடத்தில் மெல்லியதுதான் விட்டுக்கொடுக்கும். பழந்துணியை வெட்டும் முன் இரண்டு சோதனை போதும். வெளிச்சத்துக்கு எதிரே பிடித்துப் பார்த்தால் நைந்த இடம் சல்லடையாகத் தெரியும். பிறகு இரு கட்டைவிரலுக்கும் இடையே பாவு வாக்கிலும் ஊடை வாக்கிலும் பலமாக இழுக்க வேண்டும். இழை விலகினாலே அது போர்வைக்கு ஆகாது. முழங்கை, கழுத்துப் பட்டையின் மடிப்பு, அக்குள் ஆகிய இடங்களைச் சோதிக்காமலே ஒதுக்கலாம். விட மனமில்லாத துணி என்றால் பின்னால் மெல்லிய ஒட்டு லைனிங்கை இஸ்திரியால் ஒட்டிக்கொண்டு வெட்ட வேண்டும், டெனிமுக்குப் பக்கத்தில் வைக்கக் கூடாது. டி-ஷர்ட் போன்ற பின்னல் துணிக்கும் இந்த லைனிங் கட்டாயம். இல்லையேல் வெட்டும்போதே இழுபடும்.

புதுத் துணியைத் துவைக்காததால் இங்கே ஒன்றும் ஆகவில்லை. காரணம் கணக்கில் இருக்கிறது. புதுப் பருத்தி 4 சதவீதம் சுருங்கினால் 3 அங்குலத் துண்டுக்கு அது 1/8 அங்குலம்கூட இல்லை. குயில்ட்டின் சுருக்கங்களோடு சுருக்கமாகப் போய்விடும். அதே 4 சதவீதம் 63 அங்குல ஓரப்பட்டியில் இரண்டரை அங்குலம். உள்ளே ஏற்கெனவே துவைத்துச் சுருங்கிய சட்டைத் துணிகள் இருக்க, வெளியே துவைக்காத பட்டி இருந்தால், சலவைக்குப் பின் ஓரங்கள் உள்வாங்கி நடுப்பகுதி கிண்ணம்போல் குழிந்துவிடும். இந்தக் குயில்ட்டின் ஓரப்பட்டியும் அடித்துணியும் பழைய படுக்கை விரிப்பிலிருந்து எடுத்தவை என்பதால் தப்பியது. எல்லாமே புதுத் துணி என்றால் எதையும் துவைக்க வேண்டாம். கலந்தால் நீளமான துண்டுகளை மட்டுமாவது துவைக்க வேண்டும்.

சாயம் வேறு சங்கதி. கருஞ்சிவப்பு, கருநீலம், கறுப்பு ஆகியவற்றில் ஒரு துணுக்கை வெந்நீரும் ஒரு சொட்டு சோப்பும் உள்ள கண்ணாடி டம்ளரில் அரை மணி நேரம் போட்டு, எடுத்து வெள்ளைத் துணியில் ஈரத்தோடு வைத்து அழுத்த வேண்டும். கறை விழுந்தால் அந்தத் துணியைத் தனியாக அலசியே ஆக வேண்டும். தைத்தவர் எத்தனையோ விதிகளை விட்டாலும் இந்தச் சோதனையை விடவில்லை. 42 கட்டங்களிலும் வெளிர்நிறப் பின்னணி இருக்கும்போது அது சரியான முடிவு.

கால் அங்குலம்

முனைகள் வெட்டுப்பட்டதற்குக் காரணம் இங்கே இருக்கிறது. கட்டத்தின் குறுக்கே மூன்று துண்டுகள். ஒவ்வொன்றும் வெட்டிய அளவில் 3 1/2 அங்குலம், மொத்தம் 10 1/2. இரண்டு தையல்கள் நான்கு விளிம்புகளைத் தின்னும். ஒவ்வொன்றும் 1/4 என்றால், அடுத்த தையலுக்கான வெளிவிளிம்பையும் சேர்த்துக் கட்டம் 9 1/2 அங்குலம் வரும். 5/16 என்றால் 9 1/4. கண்ணுக்குத் தெரியாத 1/16 வித்தியாசம் ஒரே கட்டத்தில் கால் அங்குலமாகி விடுகிறது.

முக்கோணச் சதுரங்கள் இதை மேலும் கெடுக்கின்றன. இரண்டு சதுரங்களை ஒன்றின்மேல் ஒன்று வைத்து, மூலைவிட்டத்தின் இருபுறமும் கால் அங்குலத்தில் தைத்து, நடுவே வெட்டினால் இரண்டு கிடைக்கும். 3 1/2 அங்குலம் வர 3 7/8 அங்குலச் சதுரம் வேண்டும். தையல் கோணலாகப் போவதால் பிழை ஏறத்தாழ 1.4 மடங்காகிறது: தையல் 1/16 கூடினால் பக்கம் 3/32 குறையும். நட்சத்திரத்தின் நடுவரிசையில் இப்படி இரண்டு உண்டு. இரண்டு பிழைகளும் சேர்ந்த கட்டம் 9 1/16 அங்குலத்தில் நின்றது. அதை 9 1/2 அங்குலக் கட்டத்தோடு இழுத்துப் பொருத்தினால் முனை போகாமல் என்ன செய்யும்?

42 கட்டங்களுமே 5/16-ல் தைத்திருந்தால் இந்த அளவுக்குக் குறை வந்திருக்காது என்பதைத்தான் கவனிக்க வேண்டும். வரிசையின் குறுக்கே 17 தையல்கள். ஒவ்வொன்றிலும் 1/8 அங்குலம் கூடுதலாகப் போனால் 54 அங்குலம் 52-க்குச் சற்றுக் குறைவாகும். போர்வை இரண்டு அங்குலம் சிறுத்தால் யாருக்கும் தெரியாது. ஆகவே கால் அங்குலம் என்பது புனித எண் அல்ல. கட்டத்துக்குக் கட்டம் மாறாமல் இருப்பதுதான் தேவை. மெஷின் தட்டில் ஊசியிலிருந்து தேவையான தூரத்தில் நான்கைந்து அடுக்கு மாஸ்கிங் டேப்பை ஒட்டி, துணி விளிம்பை அதில் உரசவிட்டால் கண் மதிப்புக்கு வேலையே இல்லை. சரிபார்க்க 1 1/2 அங்குல அகலத்தில் மூன்று பட்டைகளைச் சேர்த்துத் தைத்து, இஸ்திரி போட்டு அளக்க வேண்டும். நடுப்பட்டை சரியாக 1 அங்குலம் இருந்தால் தையல் சரி. குறைந்தால் டேப்பை ஓரிரு இழை ஊசிப் பக்கம் நகர்த்த வேண்டும். மடிப்பிலேயே கொஞ்சம் துணி போய்விடும் என்பதால் உண்மையான கால் அங்குலத்துக்கு இம்மி உள்ளே தைத்தால்தான் கணக்கு நேராகும்.

நறுக்கும் வேலையையும் இதே கண்ணோடு பார்க்கலாம். 4 அங்குலச் சதுரத்தில் தொடங்கித் தைத்தபின் 3 1/2-க்கு நறுக்கினால் தையல் கொஞ்சம் முன்னே பின்னே போனாலும் பரவாயில்லை. 3 7/8-ல் தொடங்கினால் 168 சதுரங்களை நறுக்கும் வேலை மிச்சம், ஆனால் தையல் ஒரே சீராக இருக்க வேண்டும். இரண்டில் ஒன்றை விடலாம். தைத்தவர் இரண்டையும் விட்டுவிட்டார். 4 அங்குலத்தில் வெட்டி நறுக்காமல் விட்டால் அது 3 5/8-ல் நிற்கும் என்பதையும் சேர்த்துச் சொல்ல வேண்டும். அரைகுறைச் சோம்பல் முழுச் சோம்பலைவிட மோசம்.

இஸ்திரி விதியைத் தளர்த்தியது தவறே இல்லை. மெஷின் தையல் 2 முதல் 2.5 மி.மீ. நீளத்தில் இருந்தால் திறந்து விரித்தாலும் உறுதி குறையாது. பல முனைகள் ஒரே புள்ளியில் கூடும் இடத்தில் விரிப்பது நல்லது, மேடு தட்டாது. நேர்ச் சதுரங்கள் சந்திக்கும் இடத்தில் எதிரெதிர்ப் பக்கம் மடித்தால் இரண்டு மேடுகளும் ஒன்றையொன்று கவ்வும், குண்டூசி இல்லாமலே பொருந்தும். ஒரு குயில்ட்டில் இரண்டையும் கலக்கலாம். தேய்க்காமல் அழுத்தி எடுத்தால் போதும். இழுத்துத் தேய்த்தால் கிராஸ் விளிம்பு, அதாவது இழைக்குக் கோணலாக வெட்டிய விளிம்பு, நீண்டுவிடும்.

அலையடித்த இடது ஓரம்

இழை பார்க்காமல் வெட்டியது உள்ளே எங்கும் பாதிக்கவில்லை. நான்கு பக்கமும் தையலில் மாட்டிக்கொண்ட துண்டு எங்கே நீளும்? வெளி ஓரத்தில் அந்தப் பிடிமானம் இல்லை. இடது ஓரத்துக் கட்டங்களில் பல துண்டுகளின் வெளிவிளிம்பு கிராஸாக அமைந்தது. எடுத்து வைத்து, மடித்து, இஸ்திரி போட்டதில் அது நீண்டது. மேல்துணியின் உயரம் நடுவில் 63 அங்குலம், வலதில் 63 1/4, இடதில் 64.

இதன்மேல் அளக்காத ஓரப்பட்டி. பட்டியைக் கீழே வைத்து, ஓரத்தை மேலே வைத்துத் தைத்ததில், மெஷினின் பற்கள் அடியில் இருந்த பட்டியைக் கூடுதலாக இழுத்துக்கொண்டன. முடிவில் இடது பட்டி 64 1/4 அங்குலம். நடுவில் 63, ஓரத்தில் 64 1/4 என்றால் மிஞ்சிய ஒன்றேகால் அங்குலம் அலையாகத்தான் நிற்கும். குயில்டிங் போட்டால் படிந்துவிடும் என்று நம்பிப் பலர் மேலே தைத்துவிடுகிறார்கள். படியாது, மடிப்பாகத் தைபடும்.

சரி செய்த விதம் இது. பட்டியைப் பிரித்தெடுத்து, நடு அளவான 63-க்கு இரண்டு பக்கப் பட்டிகளையும் வெட்டினார்கள். பட்டியையும் ஓரத்தையும் தனித்தனியே நான்காக மடித்துக் குறியிட்டு, குறிக்குக் குறி குண்டூசி குத்தி, நீண்டுபோன ஓரத்தைக் கீழே, பட்டியை மேலே வைத்துத் தைத்தார்கள். முன்பு கெடுத்த அதே பற்கள் இப்போது மிகையை உள்வாங்கின. 1 அங்குல மிகையை 63 அங்குல நீளத்தில் இப்படி உறிஞ்சலாம். அதற்கு மேல் என்றால் ஓரத்துக் கட்டங்களையே திரும்பப் பார்க்க வேண்டும். மேலும் கீழும் வரும் பட்டிகளுக்குப் பக்கப் பட்டி சேர்ந்த பிறகு நடு அகலத்தை அளந்தார்கள்.

இழை பார்க்கப் பிடிக்காதவர்களுக்கு வேறு வழியும் உண்டு. வெட்டும் முன் துணிக்கு நல்ல கஞ்சி போட்டு மொடமொடவென்று இஸ்திரி போட்டால் கிராஸ் விளிம்பும் அடங்கி நிற்கும். மேல்துணி முடிந்ததும் சுற்றிலும் விளிம்பிலிருந்து 1/8 அங்குலத்தில் ஒரு தையல் ஓட்டிவிட வேண்டும். கஞ்சி போட்ட துணியை மாதக்கணக்கில் அலமாரியில் வைக்கக் கூடாது, பூச்சி வரும்.

திரண்ட பஞ்சு

நான்கில் இதுதான் உண்மையான தவறு. பேட்டிங், அதாவது நடுவில் வைக்கும் பஞ்சு விரிப்பு, வந்த உறையில் தையல்களுக்கு இடையே அதிகபட்சம் 4 அங்குலம் என்று இருந்தது. தையல் ஓடியதோ கட்டங்களின் கோட்டில், 9 அங்குலத்துக்கு ஒன்று. ஓரப்பட்டியில் ஒரு தையலும் இல்லை. வலைபோன்ற மெல்லிய அடித்தாளோடு சேர்த்து ஊசியால் குத்திய பேட்டிங் 8 அங்குலம்வரை தாங்கும். சில 10 அங்குலம். அடித்தாள் இல்லாத பருத்திப் பேட்டிங் தண்ணீரில் நனைந்து கனத்ததும் இழைவிட்டு நகரும். இங்கே அழகு, ரசனை என்ற பேச்சுக்கு இடமில்லை. உறையில் உள்ள எண் அந்தப் பஞ்சின் தாங்கும் அளவு. குறைவாகத் தைக்க ஆசை என்றால் அதற்கேற்ற பேட்டிங்கை வாங்க வேண்டும்.

நடுப்பகுதி நல்லவேளையாகத் திரளவில்லை. 9 அங்குல இடைவெளிகளுக்குள் இரண்டிரண்டு கோடுகள் சேர்த்து இடைவெளி 3 அங்குலமாக்கப்பட்டது. மேல் அடுக்கையும் கூடவே நகர்த்தும் வாக்கிங் ஃபுட், 90/14 ஊசி, 3 மி.மீ. தையல். ஓரப்பட்டியில் திரண்ட பஞ்சை விரிக்க முடியாது. அந்தப் பக்கத்துப் பைண்டிங்கைப் பிரித்து, கெட்ட பட்டையை வெட்டியெடுத்து, புதுப் பட்டையைப் பழைய பேட்டிங்கின் விளிம்போடு ஏறாமல் முட்ட வைத்து, அகலமான குறுக்குத் தையலால் கையால் இணைத்தார்கள். பிறகு பட்டியின் நடுவே ஒரு தையல்.

மற்றவை, சுருக்கமாக

பாலியெஸ்டர் நூல் பருத்தியை அறுக்கும் என்பது காலங்காலமாகச் சொல்லப்படுவது. இந்தக் குயில்ட்டில் கிழிந்த இடங்களில் நூல் காரணமில்லை, துணி நைந்திருந்தது. மெல்லிய பாலியெஸ்டர் நூல் போதும். கண்ணுக்குத் தெரியாத நைலான் நூலுக்கு மட்டும் இஸ்திரி சூட்டைக் குறைக்க வேண்டும்.

அடித்துணியை ஐந்து துண்டாகச் சேர்த்ததில் தவறில்லை. இணைப்புக்கு அரை அங்குலம் விட்டு, விரித்து இஸ்திரி போட வேண்டும். துணிக்கரையை மட்டும் வெட்டி எறிய வேண்டும். அது நெருக்கமாக நெய்தது, சலவையில் வேறு மாதிரி சுருங்கி இழுக்கும். நாலாபுறமும் 4 அங்குலம் கூடுதலாக, அதாவது 70 × 79 அங்குலம் இருந்தால் நிம்மதி.

பைண்டிங்கைக் கிராஸில் வெட்டுவது வளைந்த ஓரத்துக்குத்தான் கட்டாயம். மெஷினில் முடித்தது தினசரிப் போர்வைக்குக் கைத்தையலைவிட நல்லது. ஆனால் பைண்டிங் உள்ளே வெற்றாக இருக்கக் கூடாது. பேட்டிங் மடிப்புவரை நிறைந்திருக்க வேண்டும், இல்லையேல் மடிப்பு முதலில் நையும். கால் அங்குலத்தில் தைத்தால் பட்டி 2 1/4 அங்குலம், 3/8-ல் தைத்தால் 2 1/2. சுற்றளவு 266, இணைப்புக்கும் மூலைக்கும் 12, ஆக 278 அங்குலம். 42 அங்குலப் பட்டிகள் ஏழைக் கோணலாக இணைத்தால் 279 தான் வரும். எட்டாக வெட்டுவது நல்லது.

எழுதி வைத்த அளவுகள்

பழுது பார்க்கும் முன் தைத்தவர் ஒரு தாளில் தன் தரத்தை எண்களாக எழுதினார். விதியை விடுகிறவருக்கு இந்தத் தாள் விதியைப் பின்பற்றுகிறவரைவிட அதிகம் தேவை. இல்லாவிட்டால் இரவில் களைத்த கை ஒன்றை விடும், காலையில் தெளிந்த கண் அதையே பிரிக்கும்.

தையலுக்குள் 1/8 அங்குலத்துக்குக் குறைவாகத் துணி சிக்கியிருந்தால் எங்கே இருந்தாலும் பிரித்துத் தைக்க வேண்டும், ஏனென்றால் அது சலவையில் விட்டுப்போகும். கட்டங்களின் சந்திப்பு 1/16 தவறினால் விட்டுவிடலாம். 1/8 தவறினால் நிறத்தைப் பார்த்து முடிவெடுக்க வேண்டும்: அடர்நிறமும் வெள்ளையும் சந்தித்தால் பிரிக்கலாம், நீலமும் நீலமும் சந்தித்தால் விடலாம். ஒரே தையலை இரண்டு முறைக்கு மேல் பிரிக்கக் கூடாது. மூன்றாவதற்குத் துணி தாங்காது, புதுத் துண்டு வெட்டுவதே மேல். கட்டங்கள் 1/8 அங்குலத்துக்குள் ஒத்திருந்தால் அப்படியே இணைக்கலாம். இவை ஒரு தினசரிப் போர்வைக்கான அளவுகள். சுவரில் தொங்கவிடும் குயில்ட்டுக்கு இதே ஆள் முதல் அளவைத் தளர்த்தி, சந்திப்பு அளவை இறுக்கியிருந்தால் அதுவும் நியாயமே.

இந்தத் தாளை வைத்து இரண்டாம், ஐந்தாம் வரிசைகளைப் பார்த்ததில் வெள்ளைப் பின்னணியில் வெட்டுப்பட்ட நான்கு முனைகள் மட்டும் பிரிக்கப்பட்டன. அந்தக் கட்டங்களில் முக்கோணச் சதுரங்கள் 4 அங்குலத்தில் வெட்டி, நறுக்கி, மாற்றி வைக்கப்பட்டன. மற்ற முனைகள் வெட்டுப்பட்டபடியே இருக்கின்றன. கிழிந்த இரண்டு பாப்லின் துண்டுகளின்மேல் புதுச் சதுரங்கள் விளிம்பு மடித்துக் கைத்தையலால் ஒட்டப்பட்டன, டெனிமை எடுக்கவில்லை. அதன்பின் குளிர்ந்த நீரில் துவைத்து, கொடியில் தொங்கவிடாமல் தரையில் விரித்து உலர்த்தினார்கள். ஈரப் பஞ்சின் கனம் ஒரே விளிம்பில் விழுந்தால் புதிதாக முட்ட வைத்த இணைப்பு இழுபடும்.